பேரரசரின் கடிதத்தையே தள்ளிவைக்கச் சொன்ன பேரரசர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நாம் பேசப்போவது ஸ்டெஃபான் துஷான் பற்றி. 14-ஆம் நூற்றாண்டில் செர்பியாவை ஆண்டவர். துஷான் என்றாலே எல்லோரும் வரைபடத்தை விரித்து, எங்கிருந்து எங்கே வரை பிடித்தார் என்று காட்டுவார்கள். நான் அதை வேகமாகச் சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த சட்டத்துக்குப் போய்விடுகிறேன். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய காரியம் அதுதான்.

இவர் அரியணை ஏறிய விதம் கொடுமையானது. 1330-இல் வெல்பூஷ்ட் போரில் அப்பா ஸ்டெஃபான் தெச்சான்ஸ்கியும் இவரும் சேர்ந்து நின்று பல்கேரியரைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே அப்பாவைக் கவிழ்த்துவிட்டு மகன் அரசரானார். ஸ்வேச்சான் கோட்டையில் அடைக்கப்பட்ட அப்பா அங்கேயே இறந்துபோனார். கழுத்தை நெரித்துக் கொன்றார்கள் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த அப்பா தொடங்கிய தெச்சானி மடாலயத்தைக் கட்டி முடித்தது இதே மகன்.

அப்புறம் 1341-இல் பைசாண்டியப் பேரரசர், அதாவது கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசின் தலைவர், இறக்க, வாரிசு சிறுவனாக இருக்க, அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. துஷான் அதை விடவில்லை. முதலில் ஒரு தரப்போடு கூட்டு, பிறகு மறு தரப்போடு. நடுவில் ஊர்கள் ஒவ்வொன்றாக இவர் கைக்கு வந்தன. 1345-இல் செரெஸ் நகரம் விழுந்தது. 1346 ஈஸ்டர் அன்று ஸ்கோப்யேவில் செர்பியருக்கும் கிரேக்கருக்கும் பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். முடிசூட்ட ஒரு பேராயர் போதாது என்பதால், செர்பியத் திருச்சபைத் தலைவரை முதலில் பேராயருக்கும் மேலான முதுபெரும் தந்தையாக (பேட்ரியார்க்) உயர்த்தினார்கள். கான்ஸ்டான்டினோபிள் திருச்சபை இதை ஏற்கவில்லை, பின்னாளில் இவரை விலக்கியும் வைத்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1349-இல் ஸ்கோப்யேவில் கூடிய அவையில் இது வெளியானது. 1354-இல் செரெஸில் மேலும் பல பிரிவுகள் சேர்ந்தன. இதில் கடுமைக்குக் குறைவே இல்லை. சாதாரணக் குடிமக்கள் கூட்டம் கூடினால் காதை அறுக்கச் சொல்கிறது. ஒரே குற்றத்துக்குப் பிரபுவுக்கு ஒரு தண்டனை, குடியானவனுக்கு வேறு தண்டனை. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் புகழ எனக்கு மனமில்லை.

ஆனால் அதே நூலில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவன் பிரபுவுக்கு வாரம் 2 நாள் உழைக்க வேண்டும், இன்னின்ன வேலை, இவ்வளவு வரி என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதற்கு மேல் பிரபு கேட்டால் அவன் வழக்குப் போடலாம். பிரபு மேல் மட்டுமல்ல, திருச்சபை மேல், பேரரசர் மேலேயே போடலாம்!

அதைவிடப் பெரியது 171-ஆம் பிரிவு. கோபத்திலோ அன்பிலோ சலுகையாகவோ பேரரசர் யாருக்காவது கடிதம் எழுதிக் கொடுத்து, அது சட்டத்துக்கு முரணாக இருந்தால், நீதிபதிகள் அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்தக் கூடாது. சட்டப்படியே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடுத்த பிரிவு இன்னும் நேரடியானது: பேரரசருக்குப் பயந்து தீர்ப்பு எழுதாதே.

இந்தக் கருத்து பைசாண்டியச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததுதானே என்று சிலர் தட்டிக்கழிக்கிறார்கள். இருந்தது, உண்மை. துஷான் சிறுவயதில் சில ஆண்டுகள், அப்பா நாடு கடத்தப்பட்டிருந்தபோது, கான்ஸ்டான்டினோபிளில் வளர்ந்தவர். ஆனால் தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டிருக்கலாம் இல்லையா? படை, பணம், நோவோ ப்ர்டோ போன்ற வெள்ளிச் சுரங்கங்கள் எல்லாம் கையில் இருந்த நேரம். கேட்க ஆளில்லை. அப்போது தன் கையையே கட்டிக்கொள்ளும் பிரிவைச் சேர்த்ததால்தான் எனக்கு இவர் மேல் மதிப்பு.

1355 டிசம்பரில் துஷான் இறந்தார். மகன் உரோஷ் காலத்தில் பிரபுக்கள் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டார்கள். சட்ட நூலை மட்டும் பல நூற்றாண்டுகள் படியெடுத்துக்கொண்டே வந்தார்கள். அந்தப் பிரபுக்களில் இருவர் 1371-இல் மரித்சா ஆற்றங்கரையில் ஒட்டோமான் படையிடம் தோற்று மடிந்த கதை அடுத்த வீடியோவில்.