இது எந்தப் படம்?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி இருந்த கைதட்டலையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்ட புலவர் ஐயா அவர்களே, பின்வரிசையில் இன்னும் செய்தித்தாளை மடிக்காமல் வைத்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகர்மன்றத் தலைவருக்கு ஆறரை மணிக்கு இன்னொரு விழா இருக்கிறது. அப்படியிருந்தும், "சாரைக் கேட்டுட்டுத்தான் போவேன்" என்று உட்கார்ந்திருக்கிறார். போன மழையில் இந்தக் கூரை ஒழுகியபோது ராத்திரியோடு ராத்திரியாகத் தார்ப்பாய் அனுப்பியவர் அவர். குறிப்பு நூல் பகுதி இன்றைக்குக் கறையான் இல்லாமல் இருக்கிறதென்றால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. நூலக அலுவலர் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் நேரம் அதிலேயே போய்விடும். ஒன்று மட்டும். சால்வை போர்த்தும்போது பட்டா ஜரிகையா என்று பார்க்காமல் கைத்தறித் துண்டாக வாங்கியிருக்கிறார்கள். இது வீட்டில் பயன்படும். நன்றி, அம்மா.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'அண்மையில் கேட்ட தனியிசைத் தொகுப்புகள்'. புத்தக மேடையில் பாட்டுக்கு என்ன வேலை என்று புலவர் ஐயா வாசலிலேயே கேட்டார். சொல்கிறேன். மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, சினிமாவுக்கு வெளியே என்ன நடக்கிறது. இரண்டு, அதில் காசு எப்படிப் புழங்குகிறது. மூன்று, அந்தப் பாட்டுகளில் தமிழ் எப்படி வருகிறது.

முதலில் அறிவு என்ற ராப் பாடகர். அரக்கோணத்துப் பிள்ளை. 2019-இல் ஓஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்று ஒரு தொகுப்பு போட்டார். 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டி பெயரைத் தலைப்பில் வைத்து, அவளுக்குப் பேரன் என்பதே என் முகவரி என்று சொல்கிற தொகுப்பு. என் கருத்தைக் கேட்டால், 'தெருக்குரல்' கூர்மை, 'பேராண்டி' அகலம். பின்னதில் இரண்டு மூன்று பாட்டைக் குறைத்திருக்கலாம். ஆனால் அந்தக் குரல் தாளத்துக்கு அரை நொடி முன்னால் நிற்கிறது பாருங்கள், சண்டைக்கு வருகிறவன் வாசற்படியில் நிற்கிற மாதிரி, அது இங்கே வேறு யாரிடமும் இல்லை.

அடுத்து, கணவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2018-இலேயே அமெரிக்க ஜாஸ் பாட்டுகளைத் தமிழில் பாடித் தொகுப்பாகப் போட்டவர். 2024-இல் வந்த தொகுப்புக்கு 'கோயிலின் மகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. ஹூஸ்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்து, ஒரு சடங்கு மாதிரி நடத்திப் பதிவு செய்தது. வெளியிட்டது பெர்லினில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனம். ஜான் கோல்ட்ரேன் என்ற சாக்ஸபோன் மேதை 1964-இல் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' இங்கே பஜனை போலத் திரும்பத் திரும்ப, மெதுவாக, பல குரல்களில் வருகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கரண்டு போன ஒரு ராத்திரியில் செல்போனில் தாழ்வாக வைத்துக் கேட்டேன். அப்போது பிடிபட்டது. அவர் சுருதியைப் பிடிப்பதற்கு முன்னால் மூச்சை விடுகிற சத்தம்கூடப் பாட்டில் சேர்ந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், 2021-இல் 'மேட் இன் ஜாஃப்னா' என்று தலைப்பிலேயே ஊரைப் போட்டுவிட்டார். யாஞ்சன் மிருதங்கத்தில் வாசிக்க வாசிக்க இவர் ராப் சொல்கிற பதிவுகளும் இருக்கின்றன. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்ததும் காப்பி குடிக்க எழுந்து போகிறவர்கள் அதை ஒரு தடவை கேட்க வேண்டும். டெல்லிக்காரர்களின் இசைக்குழு ஒன்று, பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. 2024-இல் போட்ட 'பீட்டா'வையும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. 2019-இல் வந்த 'பிஸ்மில்லா' அளவுக்கு மனதில் ஒட்டவில்லை. அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு சம்பவம். என் அக்கா பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. கூம்புக் குழாயை வேப்பமரத்தில் கட்டி, ஆம்ப்ளிஃபயரை டிராக்டர் பெட்டியில் வைத்து மைக் செட் காரர் தயாராக இருந்தார். நான் சும்மா இருக்கலாம். இருக்கவில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய், "இதைக் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

வாங்கிப் பார்த்தார். "எந்தப் படம் சார்?"

"படம் இல்லைங்க. பாட்டு மட்டும்தான்."

"படம் இன்னும் வரலையா?"

"படமே கிடையாதுங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படமே இல்லாம எதுக்கு சார் பாட்டு போடுறாங்க?"

பதில் சொல்லத் தெரியாமல், "நீங்க போடுங்க" என்றேன். முதலில் வந்தது மலேசியா யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பிலிருந்து 'மடை திறந்து'. தொடங்கியதும் அவர் முகத்தில் வெளிச்சம். "சார், ஏமாத்தாதீங்க! இது நிழல்கள்! இளையராஜா! எனக்கா தெரியாது?" நான், "அந்தப் பாட்டை வைத்து மலேசியாப் பையன்கள் 2006-இல் புதிதாகச் செய்தது" என்றேன். "ஓஹோ, அங்கேயும் நிழல்கள் ஓடுச்சா?" என்றார். அதற்குள் ராப் தொடங்கிவிட்டது. சமையல்காரர் சாம்பார்க் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். எங்கள் பெரியத்தை, எண்பது வயது தாண்டியவர், என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, பாடுறவன் பஸ்ஸை விட்டுட்டானா? எதுக்கு இந்த அவசரம்?" என்றார்.

சரி, போச்சு என்று நினைத்தேன். அடுத்து வந்தது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தவர்கள். சட்டி மேளமும் பறையும் விழுந்ததும் பந்திக்குக் காத்திருந்த பையன்கள் இலையை மறந்துவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். அவர்களோடு மாமன் முறைக்காரர் ஒருவர், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு காதுகுத்தக் காத்திருக்க வேண்டிய அதே மாமன், எழுந்து போய்விட்டார். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார்! மைக் செட் காரர் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். சாயங்காலம் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்து, "சார், அந்தப் பென் டிரைவை வெச்சுக்கவா? படம் வந்ததும் திருப்பித் தர்றேன்" என்றார்.

சிரிக்கிறோம். அவரிடம் தப்பே இல்லை. நம் எல்லார் வாயிலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். ஆனால் நாகூர் ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' கேட்டு யாராவது 'எந்தப் படம்' என்று கேட்டோமா? டி.எம்.எஸ். பாடிய 'உள்ளம் உருகுதையா' எந்தப் படம்? ஆடி மாதம் பொழுது விடிந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் 'செல்லாத்தா'. அது எந்தப் படம்? இன்குலாபின் 'மனுசங்கடா'வை கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடினாரே, தயாரிப்பாளர் யார்? படம் இல்லாத பாட்டு நமக்குப் புதிது இல்லை, ஐயா. சாமிக்கும் போராட்டத்துக்கும் அதை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் சினிமாவுக்கு எழுதிவைத்துவிட்டோம்.

இரண்டாவது செய்தி, காசு. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.' இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை, என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும். நெல்லுக்கு மட்டும் சொன்னது என்று இருந்தேன். இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பாட்டிஃபை தளத்தில் 2024 முதல் ஒரு விதி. ஒரு பாட்டை முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவையாவது கேட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் அந்தப் பாட்டின் பதிவுக்கு ஒரு காசும் கிடையாது. 900 தடவை கேட்டவர்கள் கேட்டவர்கள்தானே? அந்தக் காசு எங்கே போகிறது? பெரிய பாட்டுகளின் பங்கோடு சேர்ந்துவிடுகிறது.

சின்னவர்கள் கதை இது என்றால், பெரியவர்கள்? 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. மூன்று வருஷம் கழித்து, அந்தப் பாட்டைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அதிலிருந்து தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டு. உழக்கும் மிஞ்சவில்லை!

பேண்ட்கேம்ப் என்று ஒரு தளம் இருக்கிறது. அதில் ஒரு தொகுப்பை 100 ரூபாய்க்கு வாங்கினால் தளம் எடுப்பது 15 ரூபாய், பணம் அனுப்பும் செலவு கொஞ்சம், மிச்சம் பாடியவருக்கு. ஆனால் எத்தனை பேர் வாங்குவோம்? நம் ஊரில் பாட்டுக்குக் காசு கொடுப்பது என்பது மைக் செட் காரருக்குக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது.

இப்போது புலவர் ஐயாவுக்குப் பதில். தமிழில் கவிதைப் புத்தகம் போடுகிறவர் கணக்குப் பார்த்தாலும் உழக்கு மிஞ்சாதுதான். ஆனால் அவருக்கு ஒரு வழி இருக்கிறது. நூலக ஆணை. நூலகத் துறை அவர் புத்தகத்தை வாங்கி ஊர் ஊராக அனுப்புகிறது. ஊருக்கு ஒரு படி, யாரும் எடுக்காவிட்டாலும் அலமாரியில் நிற்கிறது. இருபது வருஷம் கழித்து ஒரு பையன் எடுக்கிறான். பாட்டுத் தொகுப்புக்கு ஏன் அந்த ஆணை இல்லை? இதைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி நம் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் 'புத்தகம்' என்பதற்குள் அச்சிட்ட இசைக்குறிப்பும் அடக்கம். ஆனால் பதிவு செய்த இசை அதில் இல்லை. ஸ்வரத்தைக் காகிதத்தில் அடித்தால் கொடுக்க வேண்டும்; பாடி வைத்தால் கொடுக்க வேண்டியதில்லை! கேசட் காலத்தில் நம் ஊர்க் கலைஞர்கள் போட்ட நாட்டுப்புறப் பாட்டுகள் எத்தனை பூசணம் பிடித்துப் போயினவோ. சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் அரங்கநாதன், 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்றார். அவரைப் போன்றவர்கள் பாடுபட்டதால் 1948-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம் மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரி இன்றைக்கும் கட்டுகிறோம். அதில் கொஞ்சம் காதுக்கும் ஒதுக்கக் கூடாதா?

என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை. உறை போட்டு மூடிய நான்கு கணினிகள், ஓடுகிற மின்விசிறி ஒன்று, ஓடாதது ஒன்று. சாவி ஊழியர் மேசை இழுப்பறையில். அந்த நான்கு கணினியிலும் ஹெட்ஃபோன் மாட்டினால் போதும், கேட்பறை தயார். வருஷத்துக்கு இருபத்தைந்து தொகுப்பு, பாடியவர்களுக்கே காசு போகிற மாதிரி வாங்க வேண்டும். பாட்டு வரிகளையும், சட்டி அடித்தவர் வரைக்கும் எல்லார் பெயரையும் அச்சிட்டு ஒரு கோப்பில் வைக்க வேண்டும். பெயர் இல்லாத வாத்தியக்காரர்கள் இந்த ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மூன்றாவது செய்தியாகப் பாட்டில் வரும் தமிழைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அது இன்னொரு கூட்டத்துக்கு. புலவர் ஐயா இருக்கும் மேடையில் தமிழைப் பற்றி நான் பேசுவதும் அதிகப்பிரசங்கித்தனம்.

மனுவை வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், முகவரி தெளிவாக இருக்கட்டும். நகர்மன்றத் தலைவர் அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனால், அலுவலர் அம்மாவுக்கு மேலே எழுத வசதியாக இருக்கும். நான்கு ஹெட்ஃபோனுக்கும் ஆகிற செலவு என்னுடையது; ரசீதை என் பெயரில் போட வேண்டாம், வாசகர் வட்டத்தின் பெயரிலேயே போடுங்கள். பேனா இல்லாதவர்களுக்கு என் பையில் இருக்கிறது. வணக்கம்.