எழுத்து புள்ளியாகும் இடம்: பிரிண்டர் டிரைவரும் எழுத்துருவும்

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் ஒரு பக்கத்தைத் தட்டெழுதி அச்சிடச் சொல்கிறோம். காகிதத்தில் விழுவதோ வெறும் புள்ளிகள். வளைவும் கோடுமாக இருக்கிற எழுத்தின் வடிவத்தை ஏதோ ஓரிடத்தில் புள்ளிகளாக மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலை கணினியில் நடக்கிறதா, பிரிண்டருக்குள் நடக்கிறதா? கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றும் நிரலான டிரைவரை எழுத உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நினைவகம் போதாமல் போவது, எழுத்து மாறி விழுவது, வரி நகர்ந்து போவது ஆகிய கோளாறுகளின் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் இந்தக் கேள்வியிடம்தான் வந்து சேருவோம்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலிருந்து தொடங்குவோம். அதன் தலையில் 9 ஊசிகள், அல்லது 24 ஊசிகள். ஆங்கில எழுத்துகளின் வடிவம் பிரிண்டருக்குள்ளேயே சில்லில் பதிந்திருக்கும். கணினி 65 என்ற எண்ணை அனுப்பினால் பிரிண்டர் தானாகவே பெரிய 'ஏ' எழுத்தை அடிக்கும். டிரைவருக்கு அங்கே வேலை குறைவு. எஸ்கேப் எனப்படும் 27-ஐ முன்னால் வைத்துச் சில கட்டளைகளை அனுப்பினால் போதும். எப்சன் நிறுவனப் பிரிண்டர்களின் மொழியில் 27, 64 என்றால் எல்லாவற்றையும் அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பு. 27, 69 என்றால் தடித்த எழுத்தில் அடி.

ஹெச்பி லேசர்ஜெட் பிரிண்டர்களின் பிசிஎல் மொழியில் அதே 27, 69-க்கு 'பழைய நிலைக்குத் திரும்பு' என்று பொருள். ஆகவே பிசிஎல் டிரைவரைத் தவறுதலாக எப்சன் மொழி பேசும் பிரிண்டருக்குப் போட்டுவிட்டால், அது துடைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் தடித்த எழுத்துக்கு மாறிவிடும். பின்னால் வருகிற கட்டளைகளின் எண்களும் எழுத்துகளும் காகிதத்தில் அப்படியே அச்சாகும். புரியாத குறிகள் பக்கம் பக்கமாகக் கொட்டினால் பலர் முதலில் கேபிளைக் கழற்றி மாட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மொழிப் பொருத்தத்தை.

சில்லில் இல்லாத எழுத்தை அடிக்க வேண்டுமென்றால்? தமிழ் எழுத்துகளுக்கு அந்தக் காலத்தில் இருந்த நேர்வழி, படமாக அனுப்புவதுதான். எப்சனில் அதற்கு 27, 75. அதன்பின் இரண்டு எண்கள். இரண்டாவதை 256-ஆல் பெருக்கி முதலாவதைக் கூட்டினால் வருவது, எத்தனை நெடுவரிசைப் புள்ளிகள் வரப்போகின்றன என்ற கணக்கு. 8 அங்குல அகலத்துக்கு, அங்குலத்துக்கு 60 வீதம், 480 நெடுவரிசை. அதாவது 224-உம் 1-உம். பிறகு 480 பைட். ஒவ்வொரு பைட்டும் செங்குத்தாக 8 புள்ளி. மேல் ஊசிக்கு 128, கீழ் ஊசிக்கு 1.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும். சொன்ன கணக்கைவிடக் குறைவாக அனுப்பினால், அடுத்த கட்டளையையும் பிரிண்டர் புள்ளியாக விழுங்கிவிடும். கூடுதலாக அனுப்பினால் மிச்சம் எழுத்தாகச் சிதறும். இரண்டாவது, வரி இடைவெளி. பிரிண்டரின் வழக்கமான வரி உயரம் ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 72-இல் 12. எட்டு ஊசிகள் நிரப்புவதோ 72-இல் 8. மாற்றாமல் விட்டால் எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். 27, 51, 24 என்று அனுப்பினால் 9 ஊசி பிரிண்டரில் 216-இல் 24 பங்கு, சரியாக எட்டு ஊசி உயரம். அதே கட்டளை 24 ஊசி பிரிண்டரில் 180-இல் 24 பங்கு. அங்கே 24 புள்ளிப் பட்டைக்கும் அச்சொட்டாகப் பொருந்துகிறது. இரண்டு வகைக்கும் டிரைவர் எழுதுகிறவர்கள் இந்த ஒரு கட்டளையையே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிப்பது. படத்தின் பைட்டுகளில் 26 வந்தால், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் அதைக் கோப்பின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். டேப் குறியான 9 வந்தால் வழியில் ஏதாவது ஒரு நிரல் அதை இடைவெளிகளாக விரித்துவிடும். புதிய வரிக் குறியான 10 வந்தால் பக்கத்தில், வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் ஒரு 13-ஐச் சேர்த்துவிடும். படம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடைகிறதென்றால் காரணம் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டிரைவரில் தேடிப் பயனில்லை. தரவு போகிற பாதையை, எதையும் தொடாமல் அப்படியே கடத்தும் முறைக்கு மாற்ற வேண்டும்.

டாஸ் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனி டிரைவரைச் சுமந்தது. 1985-இல் வந்த விண்டோஸ் அதை இயங்குதளத்தின் வேலையாக்கியது. மென்பொருள் 'இங்கே இந்த எழுத்தை வரை' என்று சொல்ல, டிரைவர் அதைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றும். டிரைவருக்கு இன்னொரு கடமையும் உண்டு: கேட்கிற கேள்விக்குச் சரியான பதில் சொல்வது. காகிதம் எவ்வளவு பெரிது, அச்சிடக்கூடிய பரப்பு எங்கே தொடங்குகிறது? லேசர் பிரிண்டர்கள் பொதுவாகக் காகிதத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டரை விட்டுவிடும். அந்த விலகலை டிரைவர் தவறாகச் சொன்னாலோ, மென்பொருள் கேட்காமலே விட்டாலோ பக்கம் முழுதும் வலப்புறமும் கீழ்ப்புறமும் நகர்ந்து விழும். நான்கு ஓரத்திலிருந்தும் 10 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கட்டம் வரைந்து அச்சிட்டு அளவுகோலால் அளந்து பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே அளவு விலகல் என்றால் அது மென்பொருளின் கணக்கு. தாளுக்குத் தாள் மாறினால் காகிதத்தை இழுக்கும் உருளையைப் பார்க்க வேண்டும்.

லேசர் வந்ததும் கணக்கே பெரிதாகிவிட்டது. ஏ4 பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2,480 பெருக்கல் 3,508. ஏறக்குறைய 87 லட்சம் புள்ளி, 10.87 லட்சம் பைட். 1984-இல் வந்த முதல் லேசர்ஜெட்டின் நினைவகமோ 128 கிலோபைட். அதனால் பிரிண்டரிலேயே பொதிந்த எழுத்துருவில் முழுப் பக்கம் அடிக்க முடிந்தது. முழுப் பக்கப் படம் முடியாது. 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வேறு வழியில் போனது. 1.5 மெகாபைட் நினைவகத்தோடு, பக்கத்தை விவரிக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைப் புரிந்துகொள்ளும் ஒரு கணினியையே உள்ளே வைத்தார்கள். வடிவத்தைப் புள்ளியாக்கும் வேலை முழுவதும் பிரிண்டருக்குப் போனது.

லேசரில் இன்னொரு நெருக்கடி உண்டு. காகிதம் நகரத் தொடங்கிவிட்டால் உருளை யாருக்காகவும் நிற்காது. ஒவ்வொரு வரிப் புள்ளியும் அதன் நேரத்தில் தயாராக இருக்க வேண்டும். தவறினால் லேசர்ஜெட்டில் 21 என்ற பிழை வரும். நினைவகம் நிறைந்தால் வருவது 20. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 21 வந்தால் பக்கம் சிக்கலானது என்று பொருள். பக்கத்தைக் கணினியிலேயே புள்ளியாக்கி, சுருக்கி அனுப்பினால் தீரும்.

கணினியில் புள்ளியாக்கும்போது முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் செய்யாமல் பட்டை பட்டையாகச் செய்வார்கள். அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஏ4 பக்கத்தின் ஒரு புள்ளி வரிக்கு 620 பைட். 128 வரிப் பட்டைக்கு 79,360 பைட். இரண்டு பட்டைகளுக்கு நடுவே விழுகிற எழுத்தை இரண்டு முறை வரைந்து, ஒவ்வொரு முறையும் உரிய பாதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டும் எல்லையில் ஒரு புள்ளி பிசகினால், ஒவ்வொரு 5.4 மில்லிமீட்டருக்கும் ஒரு மயிரிழைக் கோடு வரும். சீரான இடைவெளியில் வருகிற கோட்டைக் கண்டால் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். பட்டையின் உயரத்தோடு ஒத்தால் நிரலில் பிழை. உருளையின் சுற்றளவோடு ஒத்தால் உருளையில் கீறல்.

இனி எழுத்துரு. புள்ளிகளாகவே சேமித்த பழைய எழுத்துருக்களுக்கு ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கோப்பு வேண்டும். வளைகோடுகளாகச் சேமித்தால் ஒரே கோப்பு எல்லா அளவுக்கும் போதும். அடோபியின் டைப் 1 எழுத்துருவில் எழுத்து அமரும் சதுரம் 1,000 அலகு. 1991-இல் ஆப்பிளிலும் 1992-இல் விண்டோஸ் 3.1-இலும் வந்த ட்ரூடைப்பில் வழக்கமாக 2,048 அலகு. அதை அளவுக்குத் தக்கபடி சுருக்கி, எந்தப் புள்ளிகளின் மையம் கோட்டுக்குள் விழுகிறதோ அவற்றை நிரப்புவார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 பாயின்ட் எழுத்து (ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு), அங்குலத்துக்கு 300 புள்ளி. சதுரம் 41.67 புள்ளி. எழுத்தின் கால், அதாவது நிமிர்ந்த கோடு, அந்தச் சதுரத்தின் நூற்றில் எட்டுப் பங்கு தடிப்பு என்றால் 3.33 புள்ளி. 3.33 புள்ளியை அச்சிட முடியாது. இடது கால் 3 புள்ளியாகவும் வலது கால் 4 புள்ளியாகவும் விழலாம். அந்த வேறுபாடு கண்ணில் உறுத்தும். அதைச் சரிக்கட்டுவதுதான் ஹின்ட்டிங். டைப் 1 'இது கால், இது மேல்மட்டம்' என்று அறிவித்துவிட்டு, முடிவைப் புள்ளியாக்கும் நிரலிடம் விடுகிறது. ட்ரூடைப், வளைகோட்டின் எந்தப் புள்ளியை எங்கே நகர்த்துவது என்பதை எழுத்துருவுக்குள்ளேயே சிறு நிரலாக எழுதி வைக்கிறது. 600 புள்ளியும் அதற்கு மேலும் உள்ள அச்சுக்கு மட்டும் எழுத்துரு செய்கிறவர்கள் இதில் மாதக்கணக்காக உழைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கோடுகளின் திசையைச் சரிபார்ப்பது அதைவிட முக்கியம். ட்ரூடைப்பில் வெளிக்கோடு கடிகாரத் திசை, உட்கோடு எதிர்த் திசை. ஒன்றன்மேல் ஒன்று படிகிற இரண்டு பகுதிகளில் ஒன்றின் திசை மாறியிருந்தால் படிகிற இடத்தில் வெள்ளை ஓட்டை விழும்.

திரைக்கும் காகிதத்துக்கும் வரி வேறு இடத்தில் உடைகிறதே, ஏன்? அதே 10 பாயின்ட், 96 புள்ளித் திரையில் சதுரம் 13.33 புள்ளி. அரைச் சதுர அகலமுள்ள எழுத்துக்கு 6.67, முழு எண்ணாக்கினால் 7. 80 எழுத்துள்ள வரியில் 533 புள்ளிக்குப் பதிலாக 560. இருபத்தேழு புள்ளி மிகை, அதாவது 7 மில்லிமீட்டர். ஒரு முழுச் சொல்லே அடுத்த வரிக்குப் போய்விடும். அகலங்களை எழுத்துருவின் சொந்த அலகிலேயே கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு எழுத்தையும் வைக்கும்போது மட்டுமே முழு எண்ணாக்க வேண்டும். டிரைவரும் தனக்குக் கொடுத்த இடங்களை அப்படியே மதிக்க வேண்டும். ஏரியல் எழுத்துருவுக்குப் பதில் பிரிண்டரில் உள்ள ஹெல்வெட்டிகாவை வைத்தால் வரி கலையாது, ஏனென்றால் இரண்டின் அகலங்களும் ஒன்றே. வேறு எழுத்துருக்களை அப்படி மாற்றி வைத்தால் பக்கம் குலைந்துவிடும்.

தமிழுக்கு வரும்போது இன்னொரு அடுக்கு சேருகிறது. 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது இரண்டு குறியீடுகள்: ககரமும் அதன்பின் ஒகர உயிர்க்குறியும். காகிதத்தில் மூன்று வடிவங்கள்: கொம்பு, க, கால். 'கு'வோ இரண்டு குறியீடுகள், ஒரே வடிவம். இந்த மாற்றங்களை விண்டோஸில் யூனிஸ்கிரைப், லினக்ஸில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்கள் எழுத்துருவின் அட்டவணைகளைப் பார்த்துச் செய்து முடித்த பிறகுதான் டிரைவரிடம் ஒப்படைக்கின்றன. அப்போது டிரைவர் கையில் இருப்பது வடிவ எண்கள் மட்டும். அவற்றை மறுபடி எழுத்துக் குறியீடாக்கிப் பிரிண்டரின் எழுத்துருவில் தேடச் சொல்கிற டிரைவரில்தான் கொம்பு இடம் மாறுகிறது, எழுத்துக்குப் பதில் கட்டம் விழுகிறது. இப்படி நேர்ந்தால் டிரைவர் அமைப்பில் எழுத்துரு மாற்றீட்டை நிறுத்திவிட்டு, எழுத்துருவைப் பிரிண்டருக்கு இறக்கச் சொல்லுங்கள். அதுவும் தீர்க்காவிட்டால் எழுத்தைப் படமாக அனுப்பும் தெரிவைப் பயன்படுத்தலாம்; வேகம் குறையும், எழுத்து சரியாக இருக்கும்.

இறக்கும்போது முழு எழுத்துருவும் தேவையில்லை, பயன்பட்ட வடிவங்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். வேறு வடிவங்களைச் சேர்த்து அமைத்த கூட்டு வடிவத்தைச் சேர்த்துவிட்டு அதன் உறுப்புகளை விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிற பிழை; அந்த எழுத்து மட்டும் வெற்றிடமாக வரும். வடிவங்களின் தொடக்க இடத்தைக் குறிக்கும் குறுகிய அட்டவணையில் எண்ணைப் பாதியாக்கி வைப்பார்கள் என்பதால், ஒவ்வொரு வடிவமும் இரட்டைப்படை பைட்டில் முடிய வேண்டும். ஒரு பைட் நிரப்ப மறந்தால் அதற்குப் பின்னுள்ள எழுத்துகள் எல்லாம் சிதையும். ஆவணத்தோடு சேர்த்துப் பதித்து அனுப்ப அனுமதி உண்டா என்று எழுத்துருவுக்குள் ஒரு குறி இருக்கிறது. டிரைவர் அதைப் படித்து மதிக்க வேண்டும்.

இன்று போக்கு மறுபடி மாறியிருக்கிறது. பிரிண்டரே தன் திறன்களை வலையமைப்பில் சொல்ல, கணினி அதற்கேற்பப் புள்ளியாக்கியோ பிடிஎஃப் ஆகவோ அனுப்புகிறது. 2010-இல் வந்த ஆப்பிளின் ஏர்பிரிண்ட் அந்த வகை. நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. தனி டிரைவர் போனாலும் கணக்குகள் போவதில்லை. கருப்பு எழுத்தைக் கருப்பு மையில் மட்டும் அடிக்காமல் நான்கு மைகளையும் கலந்தால் ஓரத்தில் நிறம் கசியும். பக்கத்தை ஜேபெக் ஆகச் சுருக்கினால் எழுத்தைச் சுற்றித் தூசி படியும். எழுத்தையும் படத்தையும் பிரித்து நடத்துவது இன்றைக்கும் நல்ல நிரலின் அடையாளம்.

கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாதபோது அச்சு வேலையைப் பிரிண்டருக்கு அனுப்பாமல் கோப்பில் சேமியுங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் திறந்து பார்க்கலாம். அங்கேயே எழுத்து தவறியிருந்தால் மென்பொருளையோ எழுத்துருவையோ டிரைவரையோ பாருங்கள். அங்கே சரியாக இருந்து காகிதத்தில் மட்டும் தவறினால் பிரிண்டரின் மொழி அமைப்பையும் நினைவகத்தையும் பாருங்கள்.

வணக்கம்.