அவன் எதிர்காலம், அவள் எதிர்காலம்

அவைத்தலைவர் அவர்களே, தோழர்களே, உட்கார இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

2015 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஓர் உத்தரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடலூர் மாவட்டத்தில், பெற்றோரை இழந்த ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். குழந்தையும் பிறந்தது. கடலூர் மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு 7 ஆண்டு சிறை விதித்தது. அவன் மேல்முறையீட்டுக்குப் போனான். உயர் நீதிமன்ற நீதிபதி அவனுக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்து, அந்தப் பெண்ணோடு பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்லி சமரச மையத்துக்கு அனுப்பினார். அவள் ஒரு குழந்தைக்குத் தாய், ஆனால் யாருக்கும் மனைவி இல்லையே என்பதுதான் அந்த உத்தரவில் தெரிந்த கவலை.

அந்தப் பெண்ணை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. செய்தியாளர்கள் போய்க் கேட்டபோது, அவனோடு பேச முடியாது என்று மறுத்துவிட்டாள். அப்பா இல்லை, அம்மா இல்லை, கையில் குழந்தை. அந்த நிலையில் நின்றுகொண்டு ஓர் உயர் நீதிமன்றம் காட்டிய வழியை வேண்டாம் என்று சொன்னாளே, அந்தத் துணிவை இன்றைக்கும் நான் மலைப்போடுதான் நினைக்கிறேன். ஜூலை 1-ஆம் தேதி, மத்தியப் பிரதேசத்து வழக்கொன்றில், பாலியல் வன்கொடுமையில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது.

அன்றைக்கு நாடே அந்த நீதிபதியைத் திட்டியது. நியாயமான கோபம். ஆனால் அந்த உத்தரவில் கேட்ட குரல் நமக்குப் பழகிய குரல் இல்லையா? “நடந்தது நடந்துபோச்சு, அவனுக்கே கட்டி வச்சிடலாம்.” “கேஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சா நம்ம பொண்ணு பேருதானே கெடும்?” பெரியப்பா சொல்வார், ஊர்த் தலைவர் சொல்வார், புகார் கொடுக்கப் போன இடத்தில் எழுதுகிறவரே சொல்வார். கட்டப் பஞ்சாயத்தில் தினம் நடப்பதுதான் அன்று நீதிமன்றத் தாளில் ஏறியது.

இதே வாய்தான் இன்னொரு சமயம் “தூக்கில் போடு” என்கிறது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரை வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, போலீஸ்காரர்கள் மேல் பூத்தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. அந்த நால்வரும் நமக்கு யாரோ. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர், காதலிப்பதாகச் சொன்னவர். முகம் தெரியாதவனுக்குத் தூக்கு கேட்கிற நாம், முகம் தெரிந்தவனுக்கு இரக்கம் கேட்கிறோம். வழக்குகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

அந்த இரக்கம் தீர்ப்புகளில் எப்படி எழுதப்பட்டது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 1979-ல் ஹரியானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 4 ஆண்டுத் தண்டனையை 2 ஆண்டாகக் குறைத்தது. சொன்ன காரணங்களில் சில: அவனுக்கு வயது 22, இளம் மனைவி இருக்கிறாள், பார்த்துக்கொள்ள நிலம் இருக்கிறது. தீர்ப்பை எழுதியவர் நாம் மிகவும் மதிக்கும் நீதிபதி கிருஷ்ணய்யர். ஏழைகளுக்காகவும் சிறைக் கைதிகளுக்காகவும் அவர் எழுதிய தீர்ப்புகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இந்த ஒரு தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பத்தாண்டு கழித்து, அதே ஹரியானாவில் இரண்டு காவலர்கள் குற்றவாளிகளாக இருந்த வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையைச் சுட்டிக்காட்டி 10 ஆண்டு 5 ஆண்டானது. பெண்கள் இயக்கங்கள் கொதித்தெழுந்தன. மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது. கர்நாடகத்தில் ஒரு சின்னக் குழந்தைக்குக் கொடுமை செய்தவனுக்கு விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு விதித்தது. அவன் படிக்காத கிராமத்தான், குடிக்கு அடிமை, வயதான தாயும் மனைவி மக்களும் இருக்கிறார்கள் என்று உயர் நீதிமன்றம் அதை 4 ஆண்டாக்கியது. 2000-ல் உச்ச நீதிமன்றம் 10 ஆண்டை மீட்டுக் கொடுத்தது.

இந்தப் பட்டியலில் அவனுடைய வயது, அவனுடைய மனைவி, அவனுடைய நிலம், அவனுடைய தாய் எல்லாம் வருகிறார்கள். அவளுடைய படிப்பு நின்றதும், ஊரை விட்டுப் போனதும், இரவில் தூங்காததும் எங்கே வருகின்றன? அவள் எதிர்காலம் என்றாலே யாருக்கு மனைவியாவாள் என்ற ஒரே கேள்விதான்.

காலதாமதமும் குற்றவாளிக்கே உதவுகிறது. 2011-ல் பஞ்சாபைச் சேர்ந்த கூட்டு வன்கொடுமை வழக்கில், சம்பவம் நடந்து 14 ஆண்டாகிவிட்டது, இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள் என்று, சுமார் மூன்றரை ஆண்டு உள்ளே இருந்ததே போதும் என உச்ச நீதிமன்றம் முடித்துக்கொண்டது. தாமதம் அந்தப் பெண் செய்ததா? நம் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். அந்த மலைக் கிராமத்தில் 1992-ல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமையில் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள்; அதற்கு 2011-ல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடிய 2023 ஆனது. அந்தப் பெண்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

சட்டம் மாறியது, மறுக்கவில்லை. 1983-ல் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்று வந்தது. ஆனால் சிறப்புக் காரணம் எழுதினால் குறைக்கலாம் என்ற கதவு திறந்தே இருந்தது. 2013-ல்தான் அதை அடைத்தார்கள். 2018-ல் குறைந்தபட்சம் 10 ஆண்டானது. இருந்தும் விசாரணை முடிகிற வழக்குகளில் தண்டனையில் முடிவது ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். தாளில் ஆண்டைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் இது தீராது. சாட்சி பிறழாமல், அதாவது முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லாமல், இருக்க வேண்டும். பொள்ளாச்சி வழக்கில் சாட்சி சொன்ன பெண்கள் ஒருவர்கூடப் பிறழவில்லை; 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதிமன்ற விசாரணையில் அவர்களுடைய அடையாளம் காக்கப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சட்டச் செய்தி, பலருக்குத் தெரியாதது. குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுதலை செய்தால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம், 2009 முதல் அந்த உரிமை உண்டு. தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்ய மட்டும் அவருக்கு உரிமை இல்லை, அது அரசின் கையில் இருக்கிறது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டது. அரசு வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டால், மேல்முறையீடு என்ற வாசல் அவளுக்குக் கிடையாது. இந்தக் கூட்டத்தின் தீர்மானமாக இரண்டை முன்மொழிகிறேன்: தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கும் வேண்டும், அதுவரை, குறைந்த தண்டனை வந்த ஒவ்வொரு வழக்கிலும் ஏன் மேல்முறையீடு செய்யவில்லை என்று அரசு எழுத்தில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது.