தேர் வடத்தைத்தான் கேட்டார்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனியில் நனைந்தபடி இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மனித உரிமை நாளையொட்டி நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இது: ‘மனித உரிமையும் பண்பாட்டுப் பன்மையும் மக்களிடையே வேர்பிடிக்கப் பெரிதும் துணை நிற்பது சட்டமா? ஊர் கூடும் விழாவா?’ நான் விழா அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று கேள்விகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இல்லையென்றால் தீண்டாமையை எதை வைத்து எதிர்ப்பீர்கள் என்று கேட்டார். விழா ஒருநாள் கொண்டாட்டம், மறுநாள் அவரவர் தெருவுக்குப் போய்விடுவார்கள் என்றார். சாதி இன்னும் உயிரோடு இருப்பதே ஊர்த் திருவிழாவில்தான், அதையா உரிமையின் மேடை என்கிறீர்கள் என்று முடித்தார்.

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றில் கனமானது அதுதான். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

நம் கிராமங்களில் ஒரு குடும்பத்தை ஊருக்கு வெளியே நிறுத்துவது எப்படி நடக்கிறது? யாரும் அறிவிப்பு எழுதி ஒட்டுவதில்லை. திருவிழா வரும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிக்கக் கிளம்புவார்கள். சில வீடுகளில் மட்டும் கேட்க மாட்டார்கள். காசு மிச்சம்தானே என்று நகரத்தில் வளர்ந்தவர் நினைக்கலாம். உள்ளே இருப்பவருக்குத்தான் அதன் வலி தெரியும். உன்னிடம் வரி வாங்கவில்லை என்றால் நீ இந்த ஊரில் கணக்கு இல்லை. சாமி உன் வாசலில் நிற்காது. எங்களிடமும் வரி வாங்கச் சொல்லுங்கள் என்று அதிகாரிகளிடம் மனு கொடுக்கும் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பணம் கொடுக்கும் உரிமைக்காக மனு, நடுவர் அவர்களே!

அப்புறம் பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவைத் தொடாமல் திரும்பிவிடும், மேளக்காரர் எங்கே நிற்க வேண்டும், தேர் வடத்தை யார் தொடலாம். மறுப்பு இத்தனையும் நடப்பது விழாவில். சரி, அப்படியானால் உரிமை வந்து சேர வேண்டிய இடம் எது? எங்கே மறுத்தார்களோ அங்கேதானே?

சிவகங்கை மாவட்டத்தில், தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி இருக்கிறது. அங்குள்ள சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலில் ஆனித் தேரோட்டம். நான்கு நாட்டார், அதாவது சுற்றியுள்ள நான்கு ஊர்த்தொகுதிகளின் தலைக்கட்டுக்காரர்கள், வடம் பிடிப்பது வழக்கம். நாங்களும் பிடிப்போம் என்று தலித் மக்கள் 1990களின் கடைசியில் கேட்டார்கள். பிரச்சினை வெடித்தது. வழக்கு, நீதிமன்ற உத்தரவு, பேச்சுவார்த்தை என்று போய், தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. கடைசியில் 2024 ஜூனில் பலத்த போலீஸ் பாதுகாப்போடு அது ஓடியது.

நீதிமன்றம்தானே ஓட்டியது என்று தோழி சொல்வார். உத்தரவின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மக்கள் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். கோர்ட்டுக்குப் போகும் அளவுக்கு, அடிதடி வரும் என்று தெரிந்தும் பின்வாங்காத அளவுக்கு, அவர்களுக்கு முக்கியமாக இருந்தது எது? தேர்வடம். ‘எங்களுக்கு இந்தத் திருவிழாவே வேண்டாம், சட்டப் புத்தகம் போதும்’ என்று அவர்கள் சொல்லவில்லை. 17ஆம் பிரிவு 1950 ஜனவரி 26 முதல் அவர்கள் கையில் இருக்கிறது. அது கையில் இருந்தும் வடத்தைக் கேட்டார்கள். ஏனென்றால் ஊர் முழுக்கப் பார்க்க, பக்கத்தில் நிற்கிறவன் தோளோடு தோள் இடிக்க, அந்தக் கயிற்றைப் பிடிக்கும்போதுதான் 17ஆம் பிரிவு அந்த ஊருக்குள் வருகிறது. உரிமை இழந்தவர்களே விழாவின் மதிப்பைத் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் நாம் எதை வைத்து வாதாடுவது?

அதே வட்டாரத்தில் உஞ்சனையில் 1979ல், மண்குதிரைகளை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சாமிக்கு வைக்கும் புரவியெடுப்பு விழாவையொட்டி ஐந்து தலித்துகளைக் கொன்றார்கள். அந்த விலை எனக்குத் தெரியும். அதனால்தான் விழாவை அப்படியே விட்டுவிட்டுச் சட்டத்தின் பின்னால் போய் உட்காருங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. விழாவை விட்டுவிட்டால் அது ஆதிக்கம் செய்கிறவர்களின் கையில் முழுசாகப் போய்ச் சேரும்.

அடுத்து, கூவாகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலில் திருவிழா. பாரதப் போரில் களப்பலியான அரவானுக்கு நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் தாலியை அறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். நமக்கெல்லாம் இவ்வளவு தெரியும். பலர் கவனிக்காதது, அந்தச் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களும் நேர்த்திக்கடனாக அதே சாமிக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான். பெற்ற வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு திருநங்கை நிற்கும் அதே வரிசையில் ஒரு விவசாயியும் நிற்கிறார். பூசாரி இருவருக்கும் ஒரே மஞ்சள் கயிற்றைத்தான் கட்டுகிறார்.

இப்போது சட்டத்தின் தேதிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது 2008 ஏப்ரல் 15. இந்தியாவில் அப்படி ஒரு வாரியம் அதுதான் முதல். தொடங்கியபோது அதற்கு அரவாணிகள் நல வாரியம் என்றே பெயர் வைத்தார்கள். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2014 ஏப்ரல் 15. நாடாளுமன்றச் சட்டம் வந்தது 2019ல். இதற்கெல்லாம் எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே கூவாகத்தில் கூடுகிறார்கள். சென்னையிலும் சேலத்திலும் மும்பையிலும் தனித்தனியாக, பயந்து பயந்து வாழ்ந்தவர்கள், ‘நம்மைப் போல் இத்தனை பேரா’ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அந்தத் திடலில். எய்ட்ஸ் விழிப்புணர்வு, கலந்துரையாடல், அடையாள அட்டைக் கோரிக்கை எல்லாம் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் விழுப்புரத்துக்கும் கூவாகத்துக்கும் வந்தன. ஒரு சமூகம் தன்னைச் சமூகமாகப் பார்க்காமல் எந்த உரிமையையும் கேட்க முடியாது. அப்படிப் பார்க்க இடம் கொடுத்தது ஒரு கிராமத்துத் திருவிழா.

அங்கே சீண்டல் நடக்கிறது, குடித்துவிட்டு வரும் ஆண்களால் தொல்லை இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. அதற்குப் போலீஸ் வேண்டும், வழக்கு வேண்டும். அங்கே சட்டத்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலை என்ன? விழாவைக் காப்பாற்றுகிற வேலை.

வெளிநாட்டுச் சான்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். சட்டம் முந்தியா, விழா முந்தியா என்பதற்கு அங்கே தேதியோடு பதில் இருக்கிறது. லண்டனில் நாட்டிங் ஹில். 1958 ஆகஸ்ட் கடைசியில், கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்களின் வீடுகளை வெள்ளை இளைஞர் கும்பல்கள் தாக்கின. கலவரம் பல நாள் நீடித்தது. இனப் பாகுபாட்டைத் தடுக்க அன்றைக்கு பிரிட்டனில் ஒரு சட்டம்கூடக் கிடையாது. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் கறுப்பருக்கு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம்.

டிரினிடாடில் பிறந்தவர் கிளாடியா ஜோன்ஸ். கம்யூனிஸ்ட் என்பதற்காக அமெரிக்கா சிறையில் அடைத்து நாடு கடத்தியது. லண்டனுக்கு வந்து கரீபிய மக்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். கலவரத்துக்குப் பிறகு அந்தப் பெண் செய்தது என்ன தெரியுமா? 1959 ஜனவரி 30ஆம் தேதி கரீபிய கார்னிவல் ஒன்றை நடத்தினார். குளிர்காலம், தெருவில் முடியாது, செயின்ட் பேன்கிராஸ் நகர மண்டபத்துக்குள் நடத்தினார். ஸ்டீல் டிரம் இசை, கலிப்ஸோ பாட்டு, ஆட்டம். விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதியை, கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு ஒதுக்கினார். கறுப்பு இளைஞர்களுக்கு மட்டும் இல்லை, வெள்ளை இளைஞர்களுக்கும். அதை அந்த மலரிலேயே அச்சிட்டார்கள். எப்பேர்ப்பட்ட மனம் பாருங்கள்!

அந்த ஆண்டே மே மாதம் கெல்சோ காக்ரன் என்ற தச்சரை அதே பகுதியில் வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். விழா கொலையைத் தடுத்ததா என்று எதிரணி கேட்கலாம். தடுக்கவில்லை. ஆனால் அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே நடந்தார்கள். பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் 1965ல்தான் வந்தது. கிளாடியா ஜோன்ஸ் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே இறந்துபோனார். 1966ல் ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் நாட்டிங் ஹில் தெருவிலேயே ஒரு விழா நடத்தினார். ஸ்டீல் டிரம் வாசித்தவர்கள் நின்ற இடத்தைவிட்டு நடக்கத் தொடங்க, தெருவே பின்னால் நடந்தது. இன்றைக்கு ஆகஸ்ட் கடைசியில் பல லட்சம் பேர் கூடும் கார்னிவல் அப்படித்தான் தெருவுக்கு வந்தது. கலவரம் நடந்த தெருக்கள் அவை, நடுவர் அவர்களே.

சரி, ‘ஒருநாள் கொண்டாட்டம்’ என்ற கேள்விக்கு வருகிறேன். விழா நடத்தியவர் யாரும் இப்படிக் கேட்க மாட்டார். விழா ஒருநாள்தான், ஆனால் அதற்கு முந்தைய மாதங்கள்? யார் கமிட்டியில் இருப்பது, யார் கையில் பணம், பந்தல் எந்தத் தெருவில், சமையல் யார் கையால் என்று உட்கார்ந்து பேசியாக வேண்டும். சண்டை வரும், வரட்டும். அதுவரை பேசியே இராதவர்கள் சண்டை போடவாவது ஒரே பாயில் உட்காருகிறார்கள் அல்லவா?

சென்னையில் மார்கழி என்றால் மயிலாப்பூர் சபாக்கள். கர்நாடக இசை கேட்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும் என்ற நிலை. 2015ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் இன்னும் பல நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து, பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மேடை போட்டார்கள். மீன்வலை காயும் இடத்தில் கச்சேரி. கச்சேரி நடந்த மேடையிலேயே பறையும் நடந்தது. பின்னால் அது சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாறி மற்ற இடங்களுக்கும் போனது. ஏழைகளுக்கு உயர்ந்த கலையைக் கொண்டுபோகிறார்களா என்று அன்றைக்கே விமர்சனம் வந்தது. நல்ல கேள்விதான். ஆனால் என் கண்ணுக்குப் பட்டது வேறு. பெசன்ட் நகரில் பல காலம் குடியிருந்தும் பக்கத்துக் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள், பாட்டுக் கேட்க அந்தச் சந்துக்குள் நடந்து போனார்கள். நடந்து போகாதே என்று அதுவரை எந்தச் சட்டம் தடுத்தது? எதுவும் தடுக்கவில்லை. போ என்று எந்தச் சட்டத்தாலும் சொல்லவும் முடியாது.

நாகூர் கந்தூரிக்கு யார் யார் வருகிறார்கள் என்று இங்கே இருக்கும் தஞ்சைப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். மதச்சார்பின்மை என்று அரசமைப்பில் எழுதுவதற்கு இருநூறு ஆண்டு முன்னால்.

கடைசியாகப் பறை. சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, தெருமுனையில் நிறுத்தி வாசிக்கச் சொன்ன கருவி. அதை அடிப்பது இழிவு என்று அடிப்பவரையே நம்பவைத்திருந்தார்கள். பெண்கள் தொடுவதே அரிது. திண்டுக்கல்லில் 1990 வாக்கில் சகோதரி சந்திரா சக்தி கலைக்குழுவைத் தொடங்கி, தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தார். காலில் சலங்கை, கையில் பறை, தலை நிமிர்ந்து ஆடினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுத்தார். 2025ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கல்லூரி விழாவில் எந்தச் சாதிப் பிள்ளையும் பறையைத் தோளில் மாட்டிக்கொள்கிறது. 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பறையடிப்பவரை இழிவாகப் பேசியவனைத் தண்டிக்கலாம். தண்டிக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பறையை மற்றவர் பிள்ளை ஆசையோடு வாங்கி மாட்டிக்கொள்ளும்படி செய்தது மேடையும் தெருவும் கூட்டமும்தான்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். வரும் தையில் இந்தத் திடலில் சமத்துவப் பொங்கல் வைக்கப்போவதாக விழாக் குழுவினர் சொன்னார்கள். நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. திடலில் வைப்பதற்குப் பதில் அந்த முதல் பானையைக் காலனித் தெருவில் ஏற்றலாமா? அங்குள்ள அக்கா ஒருவர் கிண்டி இறக்கி, நாம் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடலாமா? குழுவில் சம்மதிக்காதவர்கள் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து பேச நான் வருகிறேன். எதிரணித் தோழியும் வர வேண்டும். அவர் படித்த சட்டம் அங்கே கட்டாயம் தேவைப்படும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.