ரிகாவில் ஒரு மாலை வகுப்பு: ‘தி’ எங்கே ஒளிந்திருக்கிறது?

[திரையில்: வெள்ளைப் பலகை. அதில் ஒரே ஒரு வாக்கியம்: ‘ஐ டீச்சர்.’]

வணக்கம். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். ‘ஐ ஆம் எ டீச்சர்’ என்று வர வேண்டும். ‘ஆம்’ காணோம், ‘எ’யும் காணோம். இதைச் சொன்னவர் லாட்வியாவின் தலைநகர் ரிகாவில் என் மாலை வகுப்புக்கு வருகிறவர். இருபது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். வீட்டில் ரஷ்ய மொழி. அந்த மொழியில் ‘யா உச்சீத்தெல்’ என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். நான், ஆசிரியர். நாமும் ‘நான் ஆசிரியர்’ என்றுதானே சொல்கிறோம்? அதில் ‘ஆம்’ எங்கே இருக்கிறது?

அவர் பக்கத்தில் உட்காருகிறவருக்கு லாட்விய மொழி தாய்மொழி. அவர் இந்தத் தப்பைச் செய்வதே இல்லை. ‘ஆம்’ செய்கிற வேலையைச் செய்ய அவருடைய மொழியில் ‘எஸ்மு’ என்று ஒரு சொல் இருக்கிறது.

ஒரே மேசை, ஒரே பாடப்புத்தகம், ஆனால் இருவரும் தடுக்கி விழுகிற இடம் வேறு. பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இந்த ஊருக்கு வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இது.

[திரையில்: பால்டிக் கடலோர வரைபடம். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா.]

இந்த மூன்று நாடுகளும் 1990, 91இல் விடுதலையை மீட்டெடுக்கும் வரை சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தவை. பள்ளியில் ரஷ்ய மொழி கட்டாயம். ஆங்கிலம் படித்தவர்களும் உண்டு, ஆனால் யாரிடம் போய்ப் பேசுவது? அதனால் ஐம்பதைத் தாண்டிய பலருக்கு ஆங்கிலம் என்பது பாடப்புத்தகத்தோடு நின்றுபோன விஷயம். அப்புறம் 2004 மே 1ஆம் தேதி மூன்று நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. இளைஞர்கள் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள்.

என் வகுப்புக்கு வேலை உயர்வுக்காக வருகிறவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையோடு பேசுவதற்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள்தான் ஒரு நாள்கூட வராமல் இருப்பதில்லை. டிசம்பரில் ரிகாவில் பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்கூடக் கிடையாது. மாலை ஆறு மணிக்கு வெளியே கும்மிருட்டு. அந்த இருட்டில், பனியில், நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். அவர்களை முதல் பத்து நிமிடம் தேநீரோடு விட்டுவிடுவேன். அந்தப் பத்து நிமிடம் வீண் என்று நினைக்காதீர்கள். அங்கேதான் ஆங்கிலம் தானாக வாயில் வருகிறது.

[திரையில்: இரண்டு வரி. ‘லியெல மாய’, ‘லியெலா மாய’.]

சரி, ஆங்கிலத்தின் ‘தி’க்கு வருவோம். ரஷ்ய மொழியில் ‘எ’யும் இல்லை, ‘தி’யும் இல்லை. லாட்விய மொழியிலும் தனிச் சொல்லாக இல்லை. பல மாதம் நான் விதிமேல் விதியாக எழுதிப்போட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. பிறகு நானே லாட்விய மொழி படிக்கப் போனேன். அங்கே இது கிடைத்தது.

‘லியெல மாய’ என்றால் ஏதோ ஒரு பெரிய வீடு. ‘லியெலா மாய’ என்றால் அந்தப் பெரிய வீடு, நமக்குத் தெரிந்த வீடு. கவனித்தீர்களா? முதல் சொல்லின் கடைசி ‘அ’ நீண்டு ‘ஆ’ ஆகிறது. குறில் நெடிலாக மாறினால் பொருளே மாறுகிறது! தமிழ்க் காது உள்ளவருக்கு இதைவிட எளிதாக ஒன்று கிடைக்குமா? அவர்களுடைய ‘தி’ பெயரடையின் வாலில் ஒளிந்திருக்கிறது.

மறுநாள் அந்த இரண்டு வரியை மட்டும் பலகையில் எழுதினேன். லாட்விய மொழிக்காரர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். ரஷ்ய மொழிக்காரர்களும் ரிகாவில் வாழ்கிறவர்கள், லாட்விய மொழி கேட்டுப் பழகியவர்கள், அதனால் அவர்களுக்கும் பிடி கிடைத்தது. தப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் ‘தி’ வர வேண்டிய இடத்தில் ஒரு நொடி நின்று யோசிக்கிறார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை பாடும்.

‘யூ’ இன்னொரு சங்கடம். லாட்விய மொழியில் ‘து’ என்றால் நீ, ‘யூஸ்’ என்றால் நீங்கள். எல்லோருக்கும் ஒரே ‘யூ’ என்பது பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. நமக்கும் அப்படித்தானே இருந்தது?

[திரையில்: ‘எஸ் ஸ்தாவேயு’. கீழே: ‘நின்றேன்’, ‘நின்றுகொண்டிருந்தேன்’.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பாடம். தமிழில் நின்றேன் வேறு, நின்றுகொண்டிருந்தேன் வேறு. ஆங்கிலத்திலும் அப்படியே. லாட்விய மொழியில் இரண்டுக்கும் ‘எஸ் ஸ்தாவேயு’தான்.

அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. பேரன் அயர்லாந்தில். அவர் அவனுக்கு ஒரு கதை சொல்ல ஆசைப்பட்டார். 1989 ஆகஸ்ட் 23, மாலை ஏழு மணி. எஸ்தோனியாவின் தலைநகர் தாலினிலிருந்து ரிகா வழியாக லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கு மேல், மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். சுமார் 20 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்த நாடுகளை ஹிட்லரும் ஸ்டாலினும் ரகசியமாகப் பங்குபோட்ட ஒப்பந்தத்துக்கு அன்று ஐம்பது வயது. அந்தச் சங்கிலியில் இவரும் ஒருவர்.

‘ஐ ஸ்டுட். ஐ ஹெல்ட் ஹேண்ட்’ என்றார். நான் இடையில் திருத்தவில்லை. பேச்சை நடுவில் வெட்டினால் பெரியவர்கள் அப்படியே மூடிக்கொள்வார்கள். தப்பைத் துண்டுச் சீட்டில் குறித்து, வகுப்பு முடிந்து போகும்போது கையில் கொடுப்பேன். அன்று சீட்டில் எழுதியது: ‘ஐ வாஸ் ஸ்டாண்டிங். ஐ வாஸ் ஹோல்டிங் ஹேண்ட்ஸ்.’ கோடு போல நீளுகிற செயல் இது, அன்றைக்கு நடந்ததெல்லாம் அந்தக் கோட்டுக்குள் என்று ஒரு படமும் வரைந்தேன்.

அந்த வாரம் வீடியோ அழைப்பில் பேரனிடம் கதையைச் சொல்லியிருக்கிறார். அவன் கேட்டானாம்: ‘பாட்டி, உன் இன்னொரு கையை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?’

அடுத்த வகுப்பில் குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தார். முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று கேட்டார்.