குதிரைக்கு முதல் தண்ணியப் பாருங்கோ

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்துக்கு அங்கால கடலுக்குள்ள இருக்கிற நெடுந்தீவுக் குதிரையளப் பற்றி வானொலியில கதைக்க வாங்கோ எண்டு கேட்டவுடன ஓம் எண்டிட்டன், ஏன் எண்டால் கன வருசமா நான் அங்க போய்வாறன், போற ஒவ்வொரு முறையும் குதிரையப் பாக்க முதல் துரவுக்குள்ள, அதான் குதிரையும் மாடும் குடிக்கிற தண்ணிக் குழிக்குள்ள, தண்ணி கிடக்கோ எண்டுதான் பாக்கிறனான். இண்டைக்கும் அதைத்தான் சொல்லப்போறன்.

போன ஆவணி மாசம் நாங்கள் குடும்பமா வான் பிடிச்சுப் போனம். யாழ்ப்பாணத்தில விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டு பண்ணைப் பாலத்தில ஏறேக்க வானம் வெளிச்சுக்கொண்டு வந்தது, ரெண்டு பக்கமும் கடல், மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடியள் வரிசையா நிக்குது, ஒவ்வொரு தடியிலயும் ஒரு கொக்கோ நீர்க்காகமோ. பிறகு வேலணை, அங்கால வாணர் தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில குறிகட்டுவான். ரோட்டு அதோட முடிஞ்சுது. வானை அங்க விட்டிட்டுப் படகு ஏறவேணும், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓட்டம். ஆவணியில சோளகக் காத்து நிக்கும், படகு நல்லா ஆட்டும், சின்னப் பிள்ளையளோட போறவை இத வடிவா யோசிச்சுக்கொள்ளுங்கோ. இந்தக் கடலிலதான் 1985 மே 15 குமுதினிப் படகில வந்த சனத்தைக் கொலை செய்தது, அந்த இடம் தாண்டேக்க எங்கட அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

சரி, தீவுக்கு வருவம். அங்க குதிரை எப்பிடி வந்தது எண்டு எல்லாரும் கேப்பினம். போர்த்துக்கேயர் கொண்டுவந்தது எண்டு சொல்லுவினம், பிறகு ஒல்லாந்தர் வளத்தவை, தங்கட ஊர்ப் பேரைத்தான் டெல்வ்ற் எண்டு தீவுக்கு வச்சவை, 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில நோலன் எண்ட ஆங்கிலேய அதிகாரி அங்க இருந்து குதிரை வளர்ப்பைப் பெருப்பிச்சவர். அவை எல்லாரும் போயிட்டினம். குதிரையள் நிண்டிட்டுதுகள். ஆள் உயரத்துக்குக்கூட வராத மட்டக்குதிரையள், கட்டிப்போட ஆள் இல்லை, தீனி வைக்க ஆள் இல்லை, வெட்டவெளியில தங்கட பாட்டில மேய்ஞ்சு திரியுதுகள்.

தீவுக்கு ஆறு இல்லை, பெரிய குளம் இல்லை. முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. மாரி மழை பெய்தால் தண்ணி கல்லுக்குள்ள இறங்கி, கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல, பாலில ஆடை படியுமே, அப்பிடி மெல்லிசா நிக்கும். அந்த ஆடையைத்தான் கிணத்தில மனிசரும் அள்ளுகினம், துரவில குதிரையும் மாடும் குடிக்குதுகள். சித்திரை, வைகாசி தாண்டினால் அது மெலிஞ்சுகொண்டே வரும், தண்ணி சவர்க்கும், பிறகு துரவு வத்தும். ஒரு சின்னக் குதிரைக்கே ஒரு நாளைக்கு இருபது லீற்றருக்குக் கிட்டத் தண்ணி வேணும் நேயர்களே, குட்டிக்குப் பால் குடுக்கிற குதிரைக்கு இன்னும் கூட. கடும் வறட்சி வந்தால் குதிரையள் சாகுது, அங்க இருக்கிற சனம் இதக் கண்ணால காணுதுகள்.

இப்ப நான் சொல்ல வந்த கதை. ஓட்டோ பிடிச்சு தெற்குப் பக்க வெளிக்குப் போனம். ஓட்டோக்காரத் தம்பி தூரத்திலயே நிப்பாட்டிட்டார். பாத்தால் ஒரு மண்ணிறக் குதிரை, நெத்தியில வெள்ளைச் சுட்டி, பக்கத்தில குட்டி. துரவு வெடிச்சுப் போய்க் கிடக்கு, நடுவில மட்டும் கொஞ்சம் ஈரம். அந்தக் குதிரை முன்னங்காலால அந்த ஈரத்தை வறுகுது. வறுகிப்போட்டு நிக்கும். திரும்ப வறுகும். திரும்ப நிக்கும். என்ன செய்யுதெண்டு எங்களுக்கு முதல் விளங்கேல்ல, பிறகுதான் பாத்தம், அது தோண்டின குழிக்குள்ள தண்ணி ஊறுமட்டும் பாத்துக்கொண்டு நிக்குது. என்னெண்டு சொல்லுறது, எங்கட வீட்டுக் கிணத்தில நாங்கள் ஊற விட்டு அள்ளுறம் எல்லோ, அதே வேலை. பத்து நிமிசம் இருக்கும். குனிஞ்சு மூண்டு மிடறுதான் குடிச்சிருக்கும், விலகி நிண்டு குட்டிக்கு இடம் விட்டுது. குட்டியின்ர வாய் முழுக்கச் சேறு.

அந்த நேரம் பாத்து இன்னொரு வாகனம் வந்தது. குதிரை ஓடினால்தான் வீடியோ வடிவா இருக்குமெண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டே வெளிக்குள்ள இறக்கினாங்கள். தாயும் குட்டியும் ஓடிச்சுதுகள், குழியில ஊறின தண்ணி அப்பிடியே கிடந்தது. “அண்ணை, இனி அது இஞ்ச வர பின்னேரமாகும்” எண்டார் தம்பி. எனக்கு வந்த கோவம் இண்டைக்கும் ஆறேல்ல.

தை மாசம் திரும்பப் போனன். துரவு நிறைஞ்சு, புல்லு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. சுட்டிக் குதிரையக் கண்டன். குட்டியக் காணேல்ல.

அதால திரும்பத் திரும்பச் சொல்லுறன், போங்கோ, கட்டாயம் போய்ப் பாருங்கோ, ஆனால் துரவடியில வாகனத்தைக் கொண்டுபோய் விடாதேங்கோ. ஹோர்ன் அடிக்காதேங்கோ. பாண், பிஸ்கட் ஒண்டும் குடுக்காதேங்கோ, சாப்பிட்ட சொப்பிங் பையை எறியாதேங்கோ, மாடு மாதிரித்தான், உப்புச் சுவை இருந்தால் அதையும் கடிக்குங்கள். துரவுகளை மாரிக்கு முதல் தூர் வாரி, ஊருக்குக் கிட்ட சீமெந்துத் தொட்டி கட்டி கோடையில தண்ணி விட்டால் கனக்கக் குட்டியள் தப்பும். பெரிய செலவில்லாத வேலை இது, ஒவ்வொரு வருசமும் செய்யவேணும், ஒருக்காச் செய்து படம் எடுத்திட்டு விடுற வேலை இல்லை.

பவளக்கல்லுத் தூண் நிக்கிற பழைய குதிரை லாயத்தப் பற்றி, புறாக்கூண்டைப் பற்றி, உள்ள ஆள் போய் நிக்கக்கூடிய பெருக்க மரத்தப் பற்றி எல்லாம் சொல்ல எழுதிக்கொண்டு வந்தனான், கண்ணாடிக்கு அங்கால இருந்து வானொலித் தம்பி கை காட்டுறார், ரெண்டு நிமிசம்தானாம். லாயத்தை மட்டும் தவற விடாதேங்கோ, அந்தத் தூணுகளுக்கு நடுவில மத்தியான வெயிலுக்கு இப்பவும் குதிரை வந்து நிக்கிறதை நான் கண்டனான். திரும்பி வாற கடைசிப் படகு எத்தினை மணிக்கெண்டு இறங்கினவுடனயே கேட்டு வச்சுக்கொள்ளுங்கோ, அது காத்துக் கடலைப் பொறுத்து மாறும். குடிக்கிற தண்ணி உங்கட வீட்டில இருந்தே கொண்டு போங்கோ, தீவில இருக்கிறத அள்ளிக் குடிக்காதேங்கோ. நேயர்களுக்கு வணக்கம்.