உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, பள்ளிக்கூடப் பையை இறக்காமல் நேராக வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். தூணுக்குப் பின்னால் இருப்பவர்கள் என் முகம் தெரிகிற மாதிரி முன்னால் வந்து உட்காருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காது போய்விட்டால் உலகமே அமைதியாகிவிடும் என்று நினைக்கிறோம். பல வருஷமாகக் காது டெஸ்ட் செய்கிறவள் நான். அப்படிச் சொல்லிக்கொண்டு வந்த பெரியவர்கள் குறைவு. பெரும்பாலோர் சொல்வது இதுதான்: "காது நல்லாத்தான் கேக்குது. பேசுறதுதான் புரியல."

என் அப்பத்தாவுக்கு அப்போது எழுபது இருக்கும். வீட்டில் விருந்து. அடுப்படியிலிருந்து ஆத்தா "தட்டு எடுத்து வைங்க" என்று குரல் கொடுத்தார். அப்பத்தா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அரக்கு நிறம். மடிப்புக்குள்ளிருந்து ஒரு ரசகற்பூர உருண்டை தரையில் விழுந்து உருண்டது. பட்டாலைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அப்பத்தாவும் சிரித்தார். ஆனால் அடுத்த விருந்துக்கு அவர் பட்டாலைக்கு வரவில்லை. வீட்டின் பின்பக்கம், இரண்டாம் கட்டுப் பகுதியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். வயசானால் வீம்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவருக்குக் காது மிஷின் வைக்க அதற்கப்புறம் எட்டு வருஷம் ஆனது. அந்த எட்டு வருஷம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

தட்டு, பட்டு, கட்டு. சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் மெய் மட்டும்தான் வேறு, மற்றதெல்லாம் ஒன்று. உயிரோசை கனமானது, தாழ்ந்த சுருதியில் வருவது. மெய்யோசைகளில் பல மெலிந்தவை, உயர்ந்த சுருதியில் கண நேரம் வந்து மறைந்துவிடும். வயதாகும்போது முதலில் போவது அந்த உயர்ந்த சுருதிதான். அதனால்தான் உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. நாம் கத்தினால் என்ன ஆகிறது? உயிர்தான் இன்னும் பெரிதாகிறது. மெய் அங்கேயே நிற்கிறது. "ஏன் கத்துறே?" என்று பெரியவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது, காக்ளியா என்பார்கள். அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள். வாசலை ஒட்டி இருப்பவை உயர்ந்த சுருதிக்கு, சுருளின் உள் முனையில் இருப்பவை தாழ்ந்த சுருதிக்கு. முகப்பில் ஆள் நடமாடும் இடத்து ஆத்தங்குடிக் கல் முதலில் தேய்கிற மாதிரி, இங்கேயும் வாசலில் இருப்பவைதான் முதலில் கெடுகின்றன. கல் போனால் ஆத்தங்குடிக்குப் போய் வேறு வாங்கிப் பதிக்கலாம். இந்தச் செல்கள் போனால் போனதுதான். கோழிக்குக்கூட அவை மறுபடி முளைக்கின்றன, மனிதனுக்கு முளைப்பதில்லை.

நம் செட்டிநாட்டு வீடுகளும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கீழே வழவழவென்று கல், மேலே உயர்ந்த கூரை. பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் ஒலியை உறிஞ்ச இங்கே ஒன்றுமே இல்லை. ஒரு சொல் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. மெலிந்த மெய் அதில் மூழ்கிவிடுகிறது. ஆகவே பெரியவர்கள் உட்காரும் இடத்தில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள், கனமான திரை ஒன்று தொங்கவிடுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். முகப்பில் நின்று கூப்பிடாமல் பக்கத்தில் போய் முகம் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். காது விட்டதை உதட்டைப் பார்த்துக் கண் பிடித்துக்கொள்ளும். உங்களை முன்னால் வரச் சொன்னது இதற்குத்தான்.

வயதை நிறுத்த முடியாது, சத்தத்தை நிறுத்தலாம். சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான். காரைக்குடி மரப் பட்டறைகளில் இழைப்பு மிஷின் பக்கத்தில் நிற்கும் தம்பிகளே, காது அடைப்பான் ஒன்றும் பெரிய விலை இல்லை. திருவிழாவில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வேட்டுப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். பிள்ளைகளே, இயர்போன் சத்தத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். கழற்றிய பிறகு காதில் 'ங்' என்று இரைந்தால், காது தாங்கவில்லை என்று அர்த்தம்.

காது வலித்தால் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். கோழி இறகு, கொண்டை ஊசி, பட்ஸ் எதுவும் வேண்டாம். குறும்பி பெரும்பாலும் தானாகவே வெளியே வரும், குடைந்தால் உள்ளேதான் போகும்.

கைக்குழந்தை விஷயத்தில் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுகிறேன். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேர் கேட்கும் திறன் குறைந்தே பிறக்கிறார்கள். சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுதல். யாரையும் குற்றம் சொல்லவில்லை, டெஸ்டைத் தள்ளிப் போடாதீர்கள் என்கிறேன். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. "அவங்க அப்பச்சியும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று காத்திருந்து நான்கு வயதில் கூட்டி வரும்போது, மொழி பதிகிற பொன்னான காலம் பெரும்பகுதி போயிருக்கும். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. அதுவும் சிறு குழந்தைகளுக்குத்தான்.

இன்னொன்று. ஒரே நாளில் ஒரு காது அடைத்துக்கொண்டால், சளி என்றோ குறும்பி என்றோ நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் கடந்தால் மீட்பது கஷ்டம்.

கடைசியாக மிஷின். கண்ணாடி போட்டால் படித்தவர், மிஷின் வைத்தால் செவிடு என்று ஊர் சொல்கிறது. அதை நாம்தான் மாற்ற வேண்டும். வைத்த முதல் வாரம் தட்டு விழும் சத்தம்கூடத் தலையில் இடிக்கும். பல வருஷம் கேட்காததை மூளை மறுபடி பழக வேண்டும், சில வாரம் ஆகும். அலமாரியில் வைத்துவிடாதீர்கள், மிஷின் கொடுத்தவரிடமே போய் அளவைச் சரி செய்துகொள்ளுங்கள்.

முகப்பில் நாற்காலி போட்டிருக்கிறது, காது பார்க்கும் விளக்கும் கொண்டு வந்திருக்கிறேன். பெரியவர்களை முதலில் பார்க்கிறேன். ஆச்சி, நீங்க வாங்க. கையைப் பிடிச்சுக்குங்க, படி இருக்கு.